நெல்லின் எழுத்தைப் படிக்கும் வேலை

ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளை நினைத்துப் பாருங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. ஆயினும் அந்த அவசரத்திலும் பலர் ஒரு பையை மட்டும் மறக்கவில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. சிலர் அதனோடு ஒரு பொட்டலம் விதையையும் சேர்த்து முடிந்துகொண்டார்கள்.

நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பதை அந்தப் பை சொல்கிறது. விதைக்கும் அப்படி ஒரு பத்திரம் உண்டு. அது விதைக்கு வெளியே இல்லை. ஒவ்வொரு மணிக்கும் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கும் ஆய்வுகூடங்கள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன. அங்கே ஆய்வு உதவியாளராக வேலை செய்பவர் என்ன செய்கிறார் என்பதே இந்தப் பாடம்.

தறப்பாளின் கீழும் இரவற் காணியிலும் வாழ்ந்த எமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. எமது பிள்ளைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பவர்கள் நாளை இந்த வேலைக்குப் போகக்கூடும். அடுத்தது, அங்கே படிக்கப்படும் விதைகளிற் பல கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்தவை. எமது கையிலிருந்து போகும் பொருளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நெல்மணிக்குள் என்ன எழுதியிருக்கிறது?

எல்லா உயிர்களும் கலங்களால் ஆனவை. நெல்லின் இலையில் ஒரு சிறு துண்டை எடுத்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற கலங்கள் இருக்கும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டீ.என்.ஏ. எனப்படும் மிக நீண்ட, மெல்லிய நூல் சுருண்டிருக்கிறது. நெல்லில் இந்த நூல் 12 சோடி நிறமூர்த்தங்களாக அடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த நூலில் நான்கே எழுத்துகள்தான் உண்டு. அவற்றை ஏ, ரீ, ஜீ, சீ என்று அழைப்பார்கள். தமிழின் 247 எழுத்துகளைக் கொண்டு நாம் எழுதுவதுபோல, இயற்கை இந்த நான்கையும் மாற்றி மாற்றி வைத்து எழுதுகிறது. பயிர் எத்தனை நாளில் கதிர் தள்ள வேண்டும், வைக்கோல் எவ்வளவு உயர வேண்டும், அரிசி சிவப்பா வெள்ளையா என்பன போன்ற பல விடயங்கள் அந்த எழுத்து வரிசையில் தங்கியுள்ளன. ஒரு வேலைக்கான எழுத்துத் தொடரைப் பரம்பரையலகு என்கிறோம். ஓர் உயிரின் முழு எழுத்துத் தொகுதிக்குப் பெயர் மரபணுத் தொகுதி.

நெல்லின் தொகுதியில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் உண்டு. செக்கனுக்கு ஓர் எழுத்து வீதம் இரவும் பகலும் நிறுத்தாமல் வாசித்தால், முடிக்க 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மனிதரின் தொகுதி இன்னும் பெரிது. அது ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்டது.

படிக்கத் தொடங்கிய கதை

இந்த எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறை ஒன்றை 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கர் என்னும் விஞ்ஞானி வெளியிட்டார். ஏற்கெனவே 1958இல் நோபல் பரிசு பெற்றிருந்த அவருக்கு இதற்காக 1980இல் இரண்டாவது நோபல் பரிசும் பகிர்ந்து வழங்கப்பட்டது. அந்தக் காலத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் போன்ற ஒரு படத்தை ஒளியில் பிடித்து, அதிலுள்ள கறுப்புக் கோடுகளைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதிக்கொள்வார்கள். ஒரு தடவையில் சில நூறு எழுத்துகளே கிடைக்கும்.

1993இல் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள ஹிங்ஸ்டன் கிராமத்தில் அவருடைய பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதனை நடத்தியவர் ஜோன் சல்ஸ்டன். மனிதத் தொகுதியைப் படித்த நாடுகளின் கூட்டு முயற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த நிலையமே செய்தது. அங்கே பேராசிரியர்களும் கலாநிதிகளும் மட்டும் இருக்கவில்லை. பட்டம் இல்லாதவர்களும் பயிற்சி பெற்று அங்கு வேலை செய்தார்கள். இந்த வேலைக்கு நிதானமான கையும் சலிக்காத மனமும் தேவை என்பதே அதற்குக் காரணம். 1996இல் அந்தக் கூட்டு முயற்சியினர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்க விட்டுவிட வேண்டும் என்பதே அது. அந்தப் பணி 2003இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது.

நெல்லைப் படிக்கும் பணியை யப்பான் முன்னின்று நடத்தியது. இந்தியா, சீனா, தாய்லாந்து உட்படப் பல நாடுகள் பங்குபற்றின. நிப்பொன்பாரே என்னும் யப்பானிய நெல்லினம் தெரிவு செய்யப்பட்டது. அதன் எழுத்து வரிசை 2005 ஓகஸ்ட்டில் வெளியாயிற்று. ஓர் இனத்தைப் படிக்க அப்போது பல ஆண்டுகள் பிடித்தன. பின்னர் கருவிகள் வேகம் பெற்றன. 2014இல் 89 நாடுகளைச் சேர்ந்த 3,000 நெல்லினங்களின் எழுத்து வரிசை ஒரே திட்டத்தில் வெளியிடப்பட்டது.

எமது நாட்டிலும் இவ்வேலை நடக்கிறது. 2021இல் புதிய கொரோனாத் திரிபு ஒன்று நாட்டுக்குள் பரவியிருப்பதை, நோயாளரிடமிருந்து எடுத்த மாதிரிகளின் எழுத்துகளைப் படித்து ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் அறிவித்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சீ.ஆர். பரிசோதனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வேலைக்கு நெருங்கிய உறவுடைய வேலைதான் இது.

ஓர் இலையின் பயணம்

வெவ்வேறு இன நெற்பயிர்களின் 95 இலைகள் ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உதவியாளரின் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

*முதலாம் படி: பெயரிடுதல்.* இலைகள் குளிர்ந்த பெட்டியில் வரும். உதவியாளர் முதலில் செய்வது எண்ணுவது. வந்த பட்டியலில் 95 இருந்து, பெட்டியில் 94 இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். எண்ணிக்கை சரியாக வந்தபின் ஒவ்வொரு இலைக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, சீட்டு ஒட்டி, கணனியிலும் குறிப்புப் புத்தகத்திலும் பதிவார். சாதாரண மையினால் எழுதினால் அற்ககோல் பட்டவுடன் அழிந்துவிடும். சாதாரண ஒட்டுச்சீட்டு கடுங்குளிரில் கழன்றுவிடும். ஆகவே குளிருக்கென்றே செய்த சீட்டுகளைப் பாவிப்பார்கள். இலைகள் பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கப்படும். மின் நின்றால் இந்தக் குளிரூட்டி அபாய ஒலி எழுப்பும். நடுச்சாமமானாலும் யாராவது ஒருவர் ஓடி வர வேண்டும்.

*இரண்டாம் படி: நூலைப் பிரித்தெடுத்தல்.* இலையைத் திரவ நைதரசன் ஊற்றி உரலில் அரைப்பார்கள். அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். அந்தக் குளிரில் பச்சை இலை நொறுங்கி, இடித்த மாப்போல் ஆகும். அம் மாவை உப்பும் சவர்க்காரம் போன்ற பொருளும் கலந்த கரைசலில் இட்டு, 65 பாகைச் சூட்டில் வைப்பார்கள். கலங்களின் மென்சவ்வு கரைந்து உள்ளிருப்பது வெளியே வரும். பின்பு குளோரோபோம் சேர்த்துக் குலுக்கி, வேகமாகச் சுழலும் மையநீக்கியில் வைத்தால் அழுக்குகள் கீழே தங்கி, தெளிந்த நீர் மேலே நிற்கும். இறைத்த நீரை அடைய விட்டு, மண்டி கலங்காமல் மேல்நீரை மொள்ளுவோமல்லவா? அதே பக்குவம் இங்கே வேண்டும். அந்தத் தெளிவில் குளிர்ந்த அற்ககோலைச் சேர்த்ததும் வெள்ளை நூல்போல ஒன்று திரண்டு வரும். அதுதான் டீ.என்.ஏ.

*மூன்றாம் படி: தரம் பார்த்தல்.* கிடைத்த நூல் தூய்மையானதா, போதிய அளவா என்று ஒளியைச் செலுத்தி அளப்பார்கள். இரண்டு ஒளி அளவுகளுக்கு இடையிலான விகிதம் 1.8க்கு அருகில் வர வேண்டும். குறைந்தால் புரதம் போன்ற அழுக்கு கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்த இலையை மறுபடியும் முதலில் இருந்து செய்வார்கள். “பரவாயில்லை, போகட்டும்” என்று விடுவது இங்கே கூடாது. பதரோடு விதைத்தவன் யாரை நோவது?

*நான்காம் படி: துண்டாக்கி அடையாளமிடல்.* கருவியால் நீண்ட நூலை ஒரே மூச்சில் படிக்க முடியாது. பெரும்பாலும் பாவிக்கப்படும் முறையில், நூலைச் சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக்கி, இரு முனையிலும் சிறு இணைப்புத் துண்டுகளைப் பொருத்துவார்கள். அந்த இணைப்புக்குள் ஒவ்வொரு இலைக்கும் தனியான ஒரு சிறு எழுத்துத் தொடர் இருக்கும். அதுவும் ஏ, ரீ, ஜீ, சீ என்னும் எழுத்துகளாலேயே ஆனது. 95 இலைகளின் துண்டுகளையும் ஒரே குழாயில் கலந்தாலும், எந்தத் துண்டு எந்த இலைக்கு உரியது என்பதை அதனைக் கொண்டு பின்னர் பிரித்தறியலாம். மாடுகளைப் பொதுவில் மேய விட்டாலும் குறியைப் பார்த்து உரியவர் பிரித்துக்கொள்வதைப் போன்றது இது.

இந்தப் படியில் கையாளும் அளவுகள் மிகச் சிறியன. ஒரு தேக்கரண்டியில் 5 மில்லிலீற்றர் கொள்ளும். ஒரு மில்லிலீற்றரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்குரோலீற்றர். உதவியாளர் நுண்குழாயி என்னும் கருவியால் ஒன்று, இரண்டு மைக்குரோலீற்றர்களை அளந்து எடுப்பார். ஒவ்வொரு தடவையும் அதன் முனையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது முனை பொருத்துவார். ஒரு நாளில் பல நூறு தடவை இதே வேலைதான். நாற்று நடுபவருக்கு இடுப்பு நோவதைப்போல் இவருக்குப் பெருவிரலும் தோளும் நோகும்.

*ஐந்தாம் படி: கருவியும் கணனியும்.* துண்டுகள் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். கருவி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒளிரும் சாயம் கொடுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு படமாகப் பிடித்துக்கொண்டே போகும். ஒன்றிரண்டு நாளில் கோடிக்கணக்கான துண்டுகள் படித்து முடிக்கப்படும். ஒரே இடம் பல தடவை படிக்கப்படும். ஒரு தடவை பிழையாகப் படித்தாலும் மற்றவை அதனைத் திருத்தும். பின்பு கணனி, கிழிந்த பத்திரத்தின் துண்டுகளை ஒட்டுவதுபோல, அவற்றை ஒழுங்காக அடுக்கும்.

96ஆவது குழி

95 இலைகள் என்று சொன்னோம். ஏன் 100 இல்லை? இந்த வேலை பெரும்பாலும் 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் தட்டில் நடக்கிறது. அகலவாட்டில் 8 வரிசை, நீளவாட்டில் 12 வரிசை. பல்லாங்குழிப் பலகையைச் சிறிதாக்கி அடுக்கியதுபோல் இருக்கும். 95 குழிகளில் இலைகளின் டீ.என்.ஏ. இருக்கும். மிகுதி ஒரு குழியில் வெறும் நீர் மட்டும் விடப்படும்.

அந்த நீர்க் குழி வீண் இடமன்று. முழு வேலைக்கும் அதுவே சாட்சி. வேலை முடிவில் அந்தக் குழியில் எதுவும் தெரியக் கூடாது. அதிலும் நெல்லின் எழுத்து தெரிந்தால், எங்கோ ஒரு துளி சிந்தியிருக்கிறது, அல்லது பாவித்த முனை இன்னொரு குழியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அப்போது மற்ற 95 குழிகளையும் எப்படி நம்புவது?

அது இன்னொன்றையும் காட்டும். அந்தத் தட்டு நீள்சதுரமானது. தவறுதலாகத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஆனால் முதற் குழி கடைசிக் குழியாகிவிடும். ஒவ்வொரு இலையும் இன்னொரு இலையின் பெயரைப் பெறும். நீர்க் குழி கடைசி மூலையில் இருக்க வேண்டியது. முதல் மூலையில் காணப்பட்டால் தட்டு திரும்பிவிட்டது என்று உடனே தெரியும்.

இப்படி ஒன்று நடந்ததாக எண்ணிப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பிள்ளை, பின்னேரக் களைப்பில் தட்டைத் திருப்பி வைத்துவிடுகிறாள். இரவு பேருந்தில் போகும்போதுதான் மனதில் ஓர் ஐயம் எழுகிறது. தட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பேசாமல் விட்டுவிடலாம். வேலையோ ஓர் ஆண்டு ஒப்பந்தம். பிழையைச் சொன்னால் ஒப்பந்தம் நீடிக்காமற் போகலாம் என்ற பயம். வீட்டில் அவளுடைய சம்பளத்தை நம்பி நான்கு பேர்.

அடுத்த நாள் காலை அவள் பொறுப்பாளரிடம் போய், “சேர், நேற்றுத் தட்டை மாறி வைச்சிட்டன் போல கிடக்கு” என்று சொல்கிறாள். அவர் கோபப்படலாம். மருந்துச் செலவும் இரண்டு நாள் வேலையும் வீண்தான். ஆனால் அவள் சொல்லாமல் விட்டிருந்தால்? வெள்ளம் தாங்காத நெல்லுக்கு வெள்ளம் தாங்கும் நெல்லின் பெயர் போயிருக்கும். அதை நம்பி ஒருவர் இனக்கலப்புச் செய்வார். போகங்கள் கழியும். கடைசியில் ஒரு கமக்காரனின் வயலில்தான் அந்தப் பிழை முளைக்கும். அவனுக்கு எங்கே பிழை நடந்தது என்று ஒருபோதும் தெரியவராது.

இதனால்தான் நல்ல ஆய்வுகூடங்களில் குறிப்புப் புத்தகத்துக்குக் கடுமையான விதிகள் உண்டு. பக்கங்களுக்கு இலக்கம் இடப்பட்டிருக்கும். பேனையால் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. பிழையாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டினால் வெட்டி, பக்கத்தில் திகதியும் கையொப்பமும் இட வேண்டும். பிழை நடந்ததும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும்.

ஜேர்மனி தேடிய பெண்

சிறு கவனக்குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 2007இல் ஜேர்மனியின் ஹைல்புறோன் நகரில் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியில் ஒரு பெண்ணின் டீ.என்.ஏ. கிடைத்தது. அதே டீ.என்.ஏ. ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 1993ஆம் ஆண்டு தொடக்கம் நடந்த குற்றங்கள் உட்பட ஏறத்தாழ 40 இடங்களில் எடுத்த மாதிரிகளிலும் இருந்தது. கொலையும் களவும் செய்து திரியும் ஒரு பெண் இருக்கிறாள் என்று பொலிஸார் ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள்.

2009இல் உண்மை வெளிவந்தது. அப்படி ஒரு கொலைகாரி இருக்கவேயில்லை. அந்த டீ.என்.ஏ. பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. குச்சிகளில் கிருமிகள் கொல்லப்பட்டிருந்தன. ஆனால் கிருமி இல்லை என்பதும் டீ.என்.ஏ. இல்லை என்பதும் ஒன்றல்ல. பாவிக்காத வெறும் குச்சியைச் சாட்சியாக வைத்து முறையாகச் சோதித்திருந்தால் இது எவ்வளவோ முன்னதாகத் தெரிந்திருக்கும். எமது நீர்க் குழியின் பெறுமதி இதுதான்.

பெயரோடு வந்த விதை

இனிப் பயனைப் பார்ப்போம். இந்தியாவின் ஒடிசாவில் கமக்காரர் வளர்த்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து எப்.ஆர். 13ஏ என்னும் இனம் தெரிவு செய்யப்பட்டது. பயிர் முழுதாக வெள்ளத்தில் மூழ்கினாலும் ஏறத்தாழ இரு வாரம் தாங்கும். ஆனால் விளைச்சல் குறைவு. இந்தத் தாங்கும் தன்மை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிய ஆய்வாளர்கள், 9ஆம் நிறமூர்த்தத்தில் அதன் இடத்தைக் கண்டனர். 2006இல் அந்தப் பரம்பரையலகு தெளிவாக இனங்காணப்பட்டது. பின்பு கமக்காரர் விரும்பிப் பயிரிட்ட சுவர்ணா நெல்லோடு இனம் கலந்து, ஒவ்வொரு தலைமுறை நாற்றிலும் அந்த எழுத்து வந்திருக்கிறதா என்று இலையைச் சோதித்துத் தெரிவு செய்தார்கள். 2009இல் சுவர்ணா-சப்1 என்ற இனம் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இது வழமையான இனக்கலப்பினால் வந்த நெல். அந்தத் தெரிவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனையோ நாற்றுகளின் இலைகளை உதவியாளர்கள் சலிக்காமல் சோதித்திருக்கிறார்கள்.

எமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ரத்து ஹீனட்டி என்பது இலங்கையின் பழைய சிவப்பரிசி நெல். எம்மவர் அறக்கொட்டி என்று சொல்லும் கபில நிறத் தத்தியைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. அத் தன்மைக்குரிய பரம்பரையலகுகளைச் சீன ஆய்வாளர்கள் படித்து 2015இல் வெளியிட்டார்கள்.

அந்த நெல்லை முதன்முதலில் தெரிந்தெடுத்த கமக்காரரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் அது இலங்கை நெல் என்பது தெரியும். ஏனெனில் அதைச் சேகரித்தவர்கள் இனத்தின் பெயரையும் எடுத்த நாட்டையும் எழுதி வைத்தார்கள். விதை வங்கிகளில் இந்தப் பதிவைக் கடவுச்சீட்டு விபரம் என்றே அழைக்கிறார்கள். கடவுச்சீட்டு இல்லாத விதை வெறும் இலக்கம் மட்டுமே.

அந்தப் பதிவின் அருமையைக் கம்போடியக் கமக்காரர் நன்கு அறிவர். 1970களில் அங்கு நடந்த போரினாலும் கொடிய ஆட்சியினாலும் மக்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டனர். பல நாட்டு நெல்லினங்கள் அழிந்தன. ஆனால் அதற்குச் சற்று முன்னர் சேகரிக்கப்பட்ட கம்போடிய விதைகள் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பெயரோடு இருந்தன. 1980களில் பல நூறு இனங்கள் அந்நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பெயர்ச்சீட்டு சரியாக இருந்தபடியால்தான் எது யாருடையது என்று அறிந்து திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஊரை இழந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

யார் இந்த வேலைக்குப் போகலாம்?

உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் படித்து, பல்கலைக்கழகத்தில் விவசாயம், உயிரியல், உயிர் இரசாயனம் போன்ற ஒரு துறையில் பட்டம் பெற்றவர்கள் ஆய்வு உதவியாளராகச் சேரலாம். பட்டம் இல்லாதவர்களுக்கு ஆய்வுகூடத் தொழினுட்பப் பயிற்சி வழியாக உள்ளே போகும் பாதை உண்டு. ஆங்கிலம் வாசித்து விளங்க வேண்டும். கணனி தெரிய வேண்டும். கணிதத்துக்குப் பயப்படக் கூடாது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆய்வு உதவியாளர் வேலைகள் நிரந்தரமானவை அல்ல. ஆய்வுப் பணம் இருக்கும்வரை ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆய்வு வெளிவரும்போது உதவியாளரின் பெயர் சில வேளை நடுவில் வரும், சில வேளை வராது. ஆயினும் அங்கே பழகியவர்கள் மேற்படிப்புக்கும், வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்கும், விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கும் போக வழி பிறக்கிறது.

முகாமில் தறப்பாள் கூரையின் கீழ் படித்த பிள்ளை இதற்குத் தகுதியற்றவள் என்று எண்ண வேண்டாம். இரண்டு வாளி நீரில் ஒரு குடும்பத்தின் நாளைக் கொண்டு நடத்தியவளுக்கு அளவு தெரியும். நிவாரண அட்டையில் ஓர் எழுத்துப் பிழையால் அலைந்தவளுக்குப் பெயரைச் சரியாக எழுதுவதன் பெறுமதி தெரியும். பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

செய்து பார்ப்போம்

1. *பழத்திலிருந்து டீ.என்.ஏ. எடுத்தல்.* கனிந்த வாழைப்பழத்தில் பாதியை நன்றாக மசியுங்கள். அரைக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டியும் நுரைக்காமல் கலந்து பழத்தோடு சேர்க்கவும். பத்து நிமிடம் விட்டு, துப்புரவான துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடிக் குவளையில் எடுக்கவும். பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நன்றாகக் குளிர வைத்து, அதே அளவு, குவளையின் ஓரமாக மெல்ல ஊற்றவும். சிறிது நேரத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நூல் போல மிதப்பது டீ.என்.ஏ. ஸ்பிரிட் தீப்பற்றும். அடுப்புக்கு அருகில் செய்ய வேண்டாம். குடிக்கவும் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. *விதைக்குக் கடவுச்சீட்டு.* வீட்டிலுள்ள ஒவ்வொரு விதைக்கும் இரண்டு சீட்டு எழுதுங்கள். இனத்தின் பெயர், யாரிடமிருந்து கிடைத்தது, எந்த ஊர், எந்தப் போகம் என்பன அதில் இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள். நனைந்தாலும் கரையாது. ஒரு சீட்டைப் பைக்கு உள்ளேயும் மற்றதை வெளியேயும் வையுங்கள். வெளியிலுள்ளது கிழிந்தாலும் உள்ளே உள்ளது பேசும்.

கூடிப் பேசுவோம்

1. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களில் உங்கள் ஊரில் இருந்தவை எவை? அவற்றின் தன்மைகளை அறிந்த முதியவர்கள் உங்களிடையே யார்? அவர்கள் சொல்வதை எழுதி வைத்தீர்களா?

2. தட்டை மாற்றி வைத்த பிள்ளையின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் சங்கத்தின் கணக்கிலோ விதை விநியோகத்திலோ இப்படி ஒரு பிழை நடந்தால், அதைச் சொல்பவரை நீங்கள் எப்படி நடத்துவீர்கள்?

3. உங்கள் வேலையில் “வெறும் நீர்க் குழி” போன்ற ஒரு சாட்சி இருக்கிறதா? விதைத்து முளை பார்க்காமல் விதைநெல் வாங்குகிறோமா?

4. எமது விதையை ஒருவர் ஆராய்ச்சிக்குக் கேட்டால், கொடுப்பதற்கு முன் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? விதையின் பெயரும் ஊரும் எழுதப்படுமா? முடிவு எமக்குச் சொல்லப்படுமா? தேவைப்படும்போது விதை திரும்பக் கிடைக்குமா?

இந்த நான்காவது கேள்விக்கு உங்கள் குழு காணும் விடையைக் கட்டாயம் எழுதி வையுங்கள். திகதியும் ஊரின் பெயரும் அதில் இருக்கட்டும்.